நூற்று அறுபத்தொன்பதுக்கு மேல்

கேம்பல் பே,
11-7-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

விசாலாட்சி எழுதுவது. கப்பல் நாளைக் காலை கிளம்புகிறது, அதற்குள் இதை முடித்தாக வேண்டும். அம்மாவுக்குத் தனியாக எழுத நேரமில்லை. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இங்கே தீவில் பீலியா வந்திருக்கிறது. மஞ்சள் காமாலையைப் பஞ்சாபிக்காரர்கள் அப்படிச் சொல்லிச் சொல்லி நம் ஆட்களுக்கும் அதே பெயர் பழகிவிட்டது. ஜூன் முதல் வாரம் ஒருவர் வந்தார். இன்றைக்குப் பதினொன்று. எல்லாரும் பதினெட்டாம் கிலோமீட்டர் குடியிருப்பு. மார்ச்சில் நீங்கள் குழுவோடு வந்து இரண்டு நாள் ரத்தம் எடுத்தோமே, அதே குடியிருப்பு.

டிஸ்பென்சரியில் ஆறு கட்டில்தான். மிச்சப் பேரைத் தரையில் பாய் போட்டுக் கிடத்தியிருக்கிறேன். மழை நிற்கவே இல்லை. வாந்தி, பினாயில், நனைந்த கம்பளி எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். அது என் புடவையிலும் தலைமயிரிலும் ஏறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டிலும் அதே நாற்றம்தான்.

எனக்குக் கவலை நாயக் ஜெகநாதன் மனைவி அன்னம்மாளைப் பற்றி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ராமநாதபுரத்திலிருந்து வந்தவர் ஜெகநாதன், உங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தாரே, அவர்தான். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம். கண் மஞ்சளாகி நான்கு நாள் ஆகிறது.

இன்னொரு விஷயம். ஈரல் புற்றுநோய் ஆய்வுக்காக ரத்தம் கொடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எண் போட்ட அட்டை கொடுத்தோம். முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருங்கள் என்று நீங்களே சொன்னதால், காய்ச்சல் என்று வந்தாலும் அதைக் கொண்டுவருகிறார்கள். பதினொரு பேரின் அட்டையையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மிகச் சிறிய எண் 174. முதல் நாள் 168 பேரோடு நிறுத்தினோம். அப்படியென்றால் இந்தப் பதினொரு பேரும் இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்தவர்கள்.

தற்செயலாக இருக்கலாம். மார்ச்சில் எடுத்த ரத்தத்தில் காமாலைக் கிருமியின் அடையாளமான ஆஸ்திரேலியா ஆன்டிஜென் யாருக்கு இருந்தது என்று பரிசோதித்து முடித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை அடுத்த கப்பலில் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
விசாலாட்சி


சென்னை,
2-8-1973

அன்புத் தங்கை விசாலாட்சிக்கு ஆசிகள்.

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவிடம் சொன்னேன். நீ இளைத்திருப்பாய் என்று அழுதாள். அவளுக்கு வேறு வேலை என்ன.

காமாலை செய்தி கேட்டு வருத்தம். ஆனால் பதறாதே. காட்டை வெட்டிப் புதிதாகக் குடியேறிய இடம். பருவமழை வேறு. எல்லாரும் ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறார்கள், அதன் மேல்பக்கமே ஒதுங்குகிறார்கள். நானே கண்ணால் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் தண்ணீரால் வந்த காமாலை. குளோரின் போடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல், போர்ட் பிளேருக்கும் அப்படியே அறிக்கை அனுப்பு.

அட்டை எண்களை அந்த அறிக்கையில் சேர்க்க வேண்டாம். பதினொரு பேரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது உன் படிப்புக்கு அழகல்ல. உனக்கு இந்த எண்ணிக்கைக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

பரிசோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததும் பட்டியல் வரும். நவம்பரில் டில்லி மாநாட்டில் நம் ஆய்வைப் படிக்கிறேன். உன் பெயர் இரண்டாவதாக இருக்கும். மெயின்லேண்டில் எத்தனை பெரிய டாக்டர்கள் அந்த இடத்துக்கு அலைகிறார்கள் தெரியுமா?

உன் கம்பவுண்டர் ஜம்புலிங்கம் நல்ல மனிதன். அவனைத் துருவாதே.

அன்பு அண்ணன்,
திருநாவுக்கரசு


கேம்பல் பே,
24-8-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்னம்மாள் இறந்துவிட்டாள்.

ஆறாம் தேதி வயிற்றுப் பிள்ளை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி தடுமாறியது. என்னை யாரோ என்று நினைத்துக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காப்பித் தூள் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தாள். ஜெகநாதன் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தார், பாய் நனைந்தால் அவளுக்குக் குளிருமாம். ஒன்பதாம் தேதி மத்தியானம் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் பஞ்சாபிக் கிழவர் ஒருவரும் போனார். மொத்தம் இருபத்தாறு பேருக்கு வந்துவிட்டது.

தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்கள் கடிதம் வரும் முன்பே இரண்டு வாரம் வீடு வீடாகப் போனேன். தண்ணீரால் வந்தால் குழந்தைகளுக்குத்தானே முதலில் வர வேண்டும்? ஐந்து வயதுக்குக் கீழே ஒரு குழந்தைக்குக்கூட இல்லை. அந்த வயதுக்காரர்களிடம் நாம் ரத்தம் எடுக்கவில்லை. ஊசிக்குப் பயந்து ஒன்பது பேர் வர மறுத்தார்களே, அவர்களும் அதே ஓடையில்தான் குடிக்கிறார்கள். ஒருவருக்கும் இல்லை. முதல் நாள் ரத்தம் கொடுத்த 168 பேரில் ஒருவருக்கும் இல்லை. இருபத்தாறு அட்டையும் 169-க்கு மேல்தான். இதற்கு மேல் என்ன வேண்டும் அண்ணா?

இரண்டாம் நாள் நீங்கள் ஐஸ் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டீர்கள். அன்று காலை முதல் ஒரு மணி வரை ரத்தம் எடுத்தது நான் ஒருத்திதான். ஜம்புலிங்கம் கூடாரத்தின் பின்னாலிருந்து ஊசிகளைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். கொதிக்க வைத்தவை என்று நான் எடுத்துக் குத்தினேன்.

நேற்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். எதிரில் நின்று அழுதான். கடைசியில், "ஐயாவைக் கேளுங்கம்மா. ஐயா சொன்னதைத்தான் செஞ்சேன்" என்றான்.

அதனால் கேட்கிறேன். மார்ச் பதினைந்தாம் தேதி காலையில் என்ன நடந்தது?

விசாலாட்சி


சென்னை,
14-9-1973

அன்பு விசாலாட்சி,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. தங்கை என்பதால் எழுதுகிறேன். வேறு யாருக்கும் எழுதமாட்டேன்.

பதினான்காம் தேதி சாயங்காலமே ஊசி கொதிக்க வைக்கும் அடுப்புக்கு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. கப்பலில் வரும்போது டின் ஒழுகியிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஜம்புலிங்கம் வந்து அடுப்பு எரியவில்லை என்றான். கையில் நாற்பது ஊசி, வெளியே நூற்று நாற்பத்து நான்கு பேர். கப்பல் நான்கு மணிக்குக் கிளம்பியே தீரும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். கேம்பல் பேக்கு ஆள் அனுப்பி எண்ணெய் வாங்கி வர அரை நாள் ஆகும். அன்று விட்டால் பாதி ஆய்வு போச்சு. இரண்டு வருஷம் அலைந்து வாங்கிய அனுமதி அது.

குத்திய ஊசிகளை உடனுக்குடன் ஒரே கிண்ண ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்துக் கொடு என்றேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். சொல்லியிருந்தால் நீ முகாமை நிறுத்தியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

171-ம் எண் ரோடு போடும் கூலியாள் ஒருவர். வெளியே நோய் தெரியாவிட்டாலும் அவர் ரத்தத்தில் ஆன்டிஜென் இருந்தது. மே மாதமே தெரியும். அதன் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதினால் நீ நம்புவாயா தெரியவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. இனி ஆக வேண்டியதை யோசி. உணர்ச்சிவசப்படாமல் படி. எந்தத் தேதியில், யாரிடமிருந்து, எத்தனை பேருக்குத் தொற்றியது என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு கூட்டம் இன்று உலகத்தில் யாரிடமும் இல்லை. முன்பு எடுத்த ரத்தம் நம் பெட்டியில் இருக்கிறது. தீவை விட்டு அவர்கள் எங்கும் போகப் போவதில்லை. இந்த நூற்று நாற்பத்து நான்கு பேரை முப்பது வருஷம் பின்தொடர்ந்தால், இந்தத் தொற்றிலிருந்துதான் ஈரலில் புற்று வருகிறதா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். எத்தனையோ லட்சம் உயிரைக் காப்பாற்றும் விடை. அன்னம்மாளின் சாவுக்கும் அப்போது ஓர் அர்த்தம் இருக்கும்.

அதனால் உடனே எல்லாரிடமும் மறுபடி ரத்தம் எடு. புது ஊசிகள் இருநூறு இந்தக் கப்பலிலேயே அனுப்பியிருக்கிறேன். காரணம் கேட்டால் காமாலைப் பரிசோதனை என்று சொல். இறந்த இருவருக்கும் ஆய்வுப் படிவத்தில் இறப்பு என்று போடாமல் 'தொடர்பு விட்டுப்போனவர்' என்று குறித்தால் போதும்.

ஒன்றை மறந்துவிடாதே. குத்திய கை உன்னுடையது. விசாரணை என்று வந்தால் முதலில் உன்னைத்தான் கேட்பார்கள். உன்னைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

அண்ணன்


கேம்பல் பே,
3-10-1973

டாக்டர் திருநாவுக்கரசு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

முதல் பக்கம் படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுந்து, டிஸ்பென்சரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். அதே அழகான கையெழுத்து. ஓர் எழுத்துக்கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

மண்ணெண்ணெய் இல்லை என்கிறீர்கள். அந்தக் கூடாரத்தைச் சுற்றி என்ன இருந்தது? காடு. மார்ச் மாதம், ஒரு சொட்டு மழை இல்லை. குடியிருப்புக்காக வெட்டிப் போட்ட மரம் வழியெல்லாம் காய்ந்து கிடந்தது. நூறு அடி தள்ளி அதே குடியிருப்பின் பொன்னம்மா உங்கள் குழுவுக்கே மூன்று கல் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைக்க உங்களுக்குத் தோன்றவில்லை. தங்கையிடம் சொல்லாதே என்று சொல்ல மட்டும் தோன்றியது.

மே மாதமே தெரியும் என்கிறீர்கள். ஆகஸ்டில் எனக்குத் தண்ணீரைக் காய்ச்சு என்று எழுதினீர்கள். நீங்கள் அதை எழுதிய நாளில் நான் மழையில் நனைந்துகொண்டு வாளி வாளியாக ஓடைத் தண்ணீரில் மருந்து கலந்துகொண்டிருந்தேன். அன்னம்மாளுக்கு அப்போது உயிர் இருந்தது. மே மாதமே எனக்கும் உண்மை தெரிந்திருந்தால் அவளைப் பிழைக்க வைத்திருப்பேன் என்று சொல்லவில்லை. கப்பலில் ஏற்றிப் போர்ட் பிளேருக்காவது அனுப்பிப் பார்த்திருப்பேன்.

'அவர்கள் எங்கும் போகப் போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? ஆடு மாடு வாங்குகிறவன்கூட இப்படிப் பேசமாட்டான். புற்றுநோய் வருகிறதா என்று பார்க்கப் போனோம். வர வேண்டியதை நாமே ஊசியில் ஏற்றிவிட்டோம். இப்போது உட்கார்ந்து எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணலாம் என்கிறீர்கள். இதில் அன்னம்மாள் பெயரை வேறு இழுக்கிறீர்கள். அவள் சாவுக்கு அர்த்தம் கொடுக்க நீங்கள் யார்?

குத்திய கை என்னுடையது என்று நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பொன்னம்மா மகள் ஊசியைப் பார்த்து அழுதபோது வலிக்காது என்று சொல்லிப் பிடித்துக்கொண்டவள் நான். தட்டில் வந்த ஊசியைத் தொட்டுப் பார்த்திருந்தால் சூடு இல்லை என்று தெரிந்திருக்கும். நான் தொட்டுப் பார்க்கவில்லை. அண்ணன் முகாம் என்ற நம்பிக்கை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிடுகிறேன்.

போர்ட் பிளேருக்கும் டில்லிக்கும் முழு அறிக்கை அனுப்பிவிட்டேன். இருபத்தாறு அல்ல, இன்று முப்பத்தொரு அட்டை எண்கள். ஊசி போட்டது நான் என்பதை முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் கடிதத்தைக் கையால் பிரதி எடுத்து, இரண்டு அறிக்கையோடும் இணைத்துவிட்டேன். அசல் என்னிடம் இருக்கிறது.

புது ஊசி இருநூறும் வந்தன. மார்ச்சில் எங்கே இருந்தன இவை?

விசாலாட்சி


சென்னை,
25-10-1973

விசாலாட்சி,

எங்கள் ஆய்வு நிலைய டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார். டில்லி வழியாக வந்த என் கடிதத்தின் பிரதியை என் முன்னாலேயே உரக்கப் படித்தார். அவருடைய ஸ்டெனோ இருந்தாள், இரண்டு ஜூனியர்கள் இருந்தார்கள். உனக்குத் திருப்திதானே?

அப்பா போன பிறகு உன்னை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்தது நான். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று பெரியப்பா சண்டைக்கு வந்தபோது எதிர்த்து நின்றதும் நான். சொல்லிக் காட்டக் கூடாதுதான். சொல்ல வைத்துவிட்டாய்.

அந்த முப்பது வருஷ யோசனை உனக்கு அருவருப்பாகப் பட்டிருக்கலாம். விஞ்ஞானி அப்படித்தான் யோசிக்க வேண்டும். உணர்ச்சி இல்லாமல் இல்லை, இருந்தும் யோசிக்க வேண்டும்.

இன்னும் வழி இருக்கிறது. வேலைப் பளுவில் கடிதத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று இரண்டு வரி எழுது. டைரக்டருக்கும் அதுதான் விருப்பம். இல்லாவிட்டால் உன் டாக்டர் பதிவும் போகும், என்னுடையதும் போகும். ஒரே வீட்டில் இரண்டு பேர்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு மட்டும் எழுதிவிடாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

திருநாவுக்கரசு


கேம்பல் பே,
6-12-1973

அண்ணனுக்கு,

இரண்டு வரி எழுதித் தரமாட்டேன். அம்மாவுக்கு எழுதவும் மாட்டேன். அதை நீங்களே ஒருநாள் சொல்ல வேண்டும்.

நவம்பர் முதல் வாரம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கப்பல் நின்ற மூன்று மணி நேரம் இருந்தார். குடியிருப்புக்கு வரவில்லை, ரோடு சேறாக இருக்கிறதாம். டிஸ்பென்சரி வாசலில் உட்கார்ந்து என்னிடம் எட்டுக் கேள்வி கேட்டார். ஏழு, அறிக்கையை வேறு யாரிடமாவது காட்டினேனா என்பது பற்றி. எட்டாவது, இங்கே நல்ல கல் இறால் கிடைக்குமா என்பது. கிடைத்தது. ஒரு கூடை ஏற்றிக்கொண்டு போனார். போன வாரம் பதில் வந்தது: காமாலைக்குக் காரணம் உறுதி செய்யப்படவில்லை, ஆய்வு வேறொரு தலைமையில் தொடரும், களப்பணியில் நானே நீடிக்கலாம். உங்களுக்கு வேறு பிரிவில் மேல் பதவி என்று சென்னையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வாழ்த்து எதிர்பார்க்கமாட்டீர்கள்.

ஆய்விலிருந்து விலகிக்கொண்டேன். வேறு டாக்டர் வரும்வரை டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்வேன்.

அந்த அதிகாரி போன அன்றே முடிவு செய்தேன், காகிதம் யாருக்கும் எதுவும் சொல்லப் போவதில்லை என்று. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை முற்றத்தில் எல்லாரையும் வரச் சொன்னேன். முதலில் தமிழில் சொன்னேன், பிறகு எனக்குத் தெரிந்த ஹிந்தியில். மார்ச்சில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஊசி கொதிக்க வைக்கவில்லை, குத்தியது நான், சொன்னது என் அண்ணன் என்றேன். 171-ம் எண்காரர் யார் என்று சொல்லவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. ஜெகநாதன், "சூயி மாத்தவே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பட்டாளத்தில் ஊசிக்கு அதுதான் பேர். இல்லை என்றேன். பொன்னம்மா எழுந்தாள். அவள் மகளுக்கு ஜூலையில் காமாலை வந்து தேறிவிட்டது.

"எம்புள்ளைக்குப் பின்னால புத்துநோய் வருமா?" என்றாள்.

"தெரியாது. வரலாம். வராமலும் போகலாம்" என்றேன்.

"எப்பத் தெரியும்?"

"இருபது வருஷம், முப்பது வருஷம் ஆகலாம்."

அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இறந்த பஞ்சாபிக் கிழவரின் மகன் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் முன்னாள் சிப்பாய்தான், சத்தம் போட்டே பேசமாட்டார். என் காலில் துப்பிவிட்டுப் போனார். நான் துடைக்கவில்லை. எல்லாரும் கலைந்து போகும்வரை அப்படியே நின்றேன். ஜம்புலிங்கம் அழுதுகொண்டே தண்ணீர் கொண்டுவந்தான், வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் டிஸ்பென்சரிக்கு ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி முற்றி, வேறு வழியில்லாமல் தூக்கி வந்தார்கள். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். மாத்திரை வாங்குகிறார்கள். ஊசி என்றால் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

நேற்று ஜெகநாதன் வந்தார். மனைவியின் இறப்புச் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆகஸ்டில் நான் எழுதிக் கொடுத்தது. காரணம் மஞ்சள் காமாலை என்று போட்டிருந்தேன்.

"இது தப்பு. வேற எழுதிக் குடுங்க" என்றார்.

ஆபீசில் இதை ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்று சொன்னேன். ஆபீசுக்கு வேண்டாம், எனக்கு வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. புதுப் படிவம் எடுத்து, பெயர் அன்னம்மாள், வயது இருபத்து நான்கு, காரணம் ரத்தம் எடுத்தபோது அசுத்தமான ஊசியால் ஏற்பட்ட தொற்று என்று எழுதினேன். கீழே, ஊசி போட்டவர் டாக்டர் விசாலாட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு திருப்பி என் முன்னால் மேசை மேல் வைத்தார்.

"சொன்னவர் பேரு?" என்றார்.

உங்கள் பெயரையும் பட்டத்தையும் பதவியையும் முழுசாக எழுதிக் கொடுத்தேன்.

விசாலாட்சி